கைக்கெட்டிய பொத்தான்

சினத்தை அடக்கு என்று பிள்ளைகளுக்கு நாம் ஓயாது கூறுகின்றோம். அடக்குவதற்குத் துணைசெய்வது யாது என்பதையும் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க உளவியலாளரான டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகிய இருவரும் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே ஒரு சோதனையை விவரித்துள்ளனர். இரு சாராரைப் பேரிரைச்சலின் நடுவே வேலை செய்யவைத்தனர். ஒரு சாராருக்கு மட்டும் இரைச்சலை நிறுத்தும் பொத்தான் ஒன்றைக் காட்டி, இயன்றவரை அதனை அழுத்தாதிருக்குமாறு வேண்டினர். அவ்வாறே அழுத்தாதிருந்தோரும் மற்றையோரும் கேட்ட இரைச்சல் ஒன்றேதான்.

பின்னர், விடை காணவியலாத புதிர்கள் இரு சாராருக்கும் கொடுக்கப்பட்டன. பொத்தான் இல்லாதோர் விரைவிற் சலித்துக் கைவிட்டனர். மற்றையோரோ மனந்தளராது நெடுநேரம் முயன்றனர். வேண்டின் நிறுத்தலாம் என்னும் எண்ணமே அவர்தம் நெஞ்சிற்கு உரமாயிற்று.

இவ்வுண்மை வீட்டுக்கும் பொருந்தும். பரீட்சைக்குப் படிக்கும் மகனிடம், கணிதமா சரித்திரமா முதலில் என்று கேட்போம். முதுமையுற்ற பாட்டனாரிடம், வைத்தியரைக் காணக் காலையிற் செல்வதா மாலையிற் செல்வதா என்று கேட்போம். கடமை குறையாது, கட்டுண்டோம் என்னும் கசப்பே குறையும்.

ஆயினும், கேட்டபின் அவர்தம் விடைக்கு இணங்குதல் வேண்டும். பெயரளவிற் கேட்பது, அழுத்தினாலும் இயங்காத பொத்தானைக் கையிற் கொடுப்பதன்றோ?