காலேஜ் பீஸ் கட்டியாச்சு... கம்ப்யூட்டர் 'பாக்கி'ன்னு காட்டுதா? பெற்றோர் கவனிக்க வேண்டியவை

புவனகிரி:-

"அக்கவுண்ட்ல இருந்து பணம் போயிடுச்சு. ஆனா காலேஜ்ல கேட்டா வரலைங்கறாங்க..."

பீஸ் கட்டும் நேரம் வந்து விட்டால் பெற்றோர்களிடம் கேட்கும் புலம்பல் இது. புவனகிரி பகுதியில் தறி நெய்தும், வயல் வேலை பார்த்தும், நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை படிக்க வைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு தவணை பணம் என்பது பல மாத உழைப்பு. 'பாக்கி' என்று காட்டினால் ஹால் டிக்கெட் கிடைக்குமா என்ற பயம் வேறு.

முன்பெல்லாம் வங்கியில் சலான் எழுதி பணம் கட்டினால், சீல் அடித்த பாதி சலான் கையில் இருக்கும். அதுவே சாட்சி. இப்போது செல்போனிலேயே கட்டி விடுகிறார்கள். கல்லூரியில் கணக்கை பார்ப்பதும் சாப்ட்வேர்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொண்டால் பாதி சிக்கல் தீர்ந்து விடும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

பணம் எங்கே நிற்கிறது?

கல்லூரி சாப்ட்வேரில் ஒவ்வொரு மாணவருக்கும் பதிவு எண்ணை வைத்து தனிக்கணக்கு இருக்கும். கல்வி கட்டணம், தேர்வு கட்டணம், விடுதி, பஸ் எல்லாம் தனித்தனி தலைப்பு. பணம் கட்டியதும் வங்கியில் இருந்து தகவல் வரும். அதில் உள்ள எண்ணும் மாணவரின் எண்ணும் ஒத்துப்போனால்தான் 'கட்டியாச்சு' என்று மாறும்.

பதிவு எண்ணில் ஒரு நம்பர் தப்பினால் போச்சு. பணம் கல்லூரியின் வங்கி கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் பையன் பெயரில் பாக்கி காட்டும். விடுதி பணத்தை தேர்வு கட்டண தலைப்பில் கட்டினாலும் இதே கதிதான்.

இந்த மாதிரி தவறை கண்டுபிடிக்க ஒரே வழி, வங்கி கணக்கையும் கல்லூரி கணக்கையும் வரிக்கு வரி ஒத்துப்பார்ப்பது. பிளஸ்-1 கணக்குப்பதிவியலில் 'வங்கி சரிகட்டும் பட்டியல்' என்று படிக்கிறார்களே, அதுதான் இது. 'டேலி' படித்தவர்களுக்கும் இது நன்றாக தெரியும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

* பணம் கட்டும் முன் பெயர், பதிவு எண், தலைப்பு மூன்றையும் மாணவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும்.

* பிரவுசிங் சென்டரில் கட்டினாலும் சொந்த செல்போன் நம்பரையே கொடுக்க வேண்டும். கடைக்காரர் நம்பரை போட்டு விட்டால் தகவல் அவருக்குத்தான் போகும்.

* ரசீதை உடனே பிரிண்ட் எடுக்க வேண்டும். பல கல்லூரிகள் பீஸ் வாங்கும் 'எஸ்.பி.ஐ. கலெக்ட்' பக்கத்தில், பணம் கட்டிய தேதி, பிறந்த தேதி, செல்போன் நம்பர் கொடுத்தால் பழைய ரசீதை மறுபடியும் எடுக்கலாம்.

* பணம் போய் ரசீது வரவில்லை என்றால் பதறி மறுபடியும் கட்டக்கூடாது. முதலில் வங்கி ஸ்டேட்மெண்டை பார்க்க வேண்டும். கடைசி நாள் நெருங்கி விட்டால், ஸ்டேட்மெண்டுடன் கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலம் சொல்லி விடுவது நல்லது.

* "பீஸ் பாக்கி, இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று தனி ஆள் நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் நம்பக்கூடாது. ஏமாந்து விட்டால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

பணம் திரும்ப வர எத்தனை நாள்?

ரிசர்வ் வங்கி 2019-ம் ஆண்டு ஒரு உத்தரவு போட்டது. அதன்படி, யு.பி.ஐ. மூலமோ, ஆன்லைனில் கார்டு மூலமோ கட்டிய பணம் கணக்கில் இருந்து எடுக்கப்பட்டு, வாங்குபவருக்கு உறுதி தகவல் போகவில்லை என்றால், 5 நாட்களுக்குள் தானாக திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது.

உதவித்தொகை வரலையா?

2022-ல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-ல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் ஆகிய திட்டங்களில் மாதம் ரூ.1,000 மாணவர்களின் வங்கி கணக்கிற்கே நேரடியாக போகும்படி செய்யப்பட்டது. இப்படி வரும் பணத்திற்கு வங்கி கணக்கில் ஆதார் இணைந்திருப்பது முக்கியம். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் ஒரு இனிஷியல் இருந்தாலும் சிக்கல் வரலாம். எனவே கல்லூரியில் சேரும்போதே இரண்டையும் ஒத்துப்பார்த்து திருத்தி விடுவது நல்லது.

அலுவலகத்தில் கவனிக்க வேண்டியது

பணத்தை பதிவு செய்பவரும், அதை சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. ஒரு பாஸ்வேர்டை 4 பேர் பயன்படுத்தினால் தப்பு யார் செய்தது என்றே தெரியாது. அன்றன்றைய வசூலை அன்றன்றே வங்கி கணக்குடன் ஒத்துப்பார்த்தால், பரீட்சை நேரத்தில் மாணவர்களை அலைய விட வேண்டியதில்லை. கணக்கின் நகல் ஒன்றை வேறு இடத்திலும் வைத்திருக்க வேண்டும்.

அண்ணாமலை பல்கலைக்கழகம் தந்த பாடம்

கணக்கு கை மீறினால் என்ன ஆகும் என்பது சிதம்பரம் பகுதி மக்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலை பல்கலைக்கழகம் 2012-ல் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. சம்பளம் என்னாகுமோ என்று ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர். 2013 ஏப்ரலில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக அரசு நியமித்தது. அதே ஆண்டு தனிச்சட்டம் கொண்டு வந்து பல்கலைக்கழகத்தை அரசே ஏற்றது. பிறகு உபரி ஊழியர்கள் பலர் பணி நிரவல் மூலம் வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்தை விட்டு வெளியூரில் வேலை பார்க்க வேண்டிய நிலை பலருக்கு வந்தது.

மாதாமாதம் வரவு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று இன்றைய சாப்ட்வேர் ஒரு பட்டனில் காட்டி விடும். ஆனால் அதை எடுத்துப் பார்க்கவும், பார்த்து விட்டு கேள்வி கேட்கவும் ஆள் வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, பீஸ் கட்டும் வீட்டுக்கும் இதே கணக்குதான். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டு விடாமல், படிப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வரும் வரை எல்லா ரசீதையும் ஒரே பைலில் வைத்திருந்தால் எந்த கவுண்டரிலும் பயமில்லாமல் நிற்கலாம்.