கேமரன் மலை: சமநிலம் குறைந்த ஊரின் வணிக வளர்ச்சி

மலேசியாவின் பகாங் மாநிலத்து வடமேற்கு மூலையில் அமைந்த கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவும் அதற்கு வடக்கே இன்னும் சற்று உயரத்தில் உள்ள பிரிஞ்சாங்கும் ஆண்டுதோறும் விரிவடைந்து வரும் ஊர்களே எனினும், அவை விரிவடைவதற்குரிய சமநிலம் அங்கே மிகக் குறைவு. தாப்பாவிலிருந்து ஏறிவரும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலையின் இருபுறமும் கடைவீடுகளும் தங்கும் விடுதிகளும் நெருக்கியடித்து நிற்க, அவற்றின் பின்சுவரிலிருந்தே பல இடங்களில் மலைச்சரிவு தொடங்கிவிடுகிறது. ஆகவே புதிய கட்டடம் ஒன்று எழ வேண்டுமானால் பழையதை இடிக்க வேண்டும், அல்லது மலையை வெட்ட வேண்டும். இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதே இவ்வூர்களின் வணிக வளர்ச்சி பற்றிய விவாதத்தின் சாரம்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் குறித்துச் சென்றார். ஆயினும் 1925இல் ஆங்கிலேய நிர்வாகி ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதனை மலைவாழிடமாக்கப் பரிந்துரைத்த பின்னரே சாலைப்பணி தொடங்கியது. 1929இல் ஆங்கிலேய வணிகர் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை அழித்துச் செடி நட்டனர். அவர்கள் உருவாக்கிய பச்சைச் சரிவுகளே இன்று விடுதி அறைகளின் வாடகையை உயர்த்துகின்றன என்பதை, இம்மலையின் நில விலையைப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

விலை எவ்வாறு உயர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மலேசிய நிலச்சட்டத்தைச் சிறிது அறிய வேண்டும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச்சட்டம் நிலத்தின் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில்துறை என மூன்று வகைகளாகப் பிரிக்கிறது. விவசாய நிலத்தில் விடுதி கட்ட விரும்புவோர் முதலில் அதன் வகையை மாற்றக்கோரி மாநில அரசுக்கு விண்ணப்பித்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். ஏனெனில் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வகைமாற்றம் கிடைத்ததுமே, அதே மண்ணின் சந்தை மதிப்பு பன்மடங்காகிவிடுவதுண்டு. மேம்பாட்டு நிறுவனங்களின் இலாபத்தில் ஒரு பெரும்பகுதி கட்டடக் கலையிலிருந்து அன்று, இந்த அனுமதித் தாளிலிருந்தே பிறக்கிறது எனலாம்.

தோட்ட நிலத்துக்குத் தனிக் காப்பு ஒன்றும் உண்டு. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டுபோட்டுப் பலருக்கு விற்க வேண்டுமெனில், தேசிய நிலச்சட்டத்தின் 214அ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. இக்காப்பின் பின்னே கசப்பான வரலாறு இருக்கிறது. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் ரப்பர் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது, வேலையோடு சேர்த்து வீட்டையும் இழந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்த நிலைக்கு விடையாகவே மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர்களிடம் சிறு தவணைகளில் பங்குத்தொகை திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கத்தின் பெயரில் வாங்கத் தொடங்கினார். ரப்பர் தோட்டங்களில் நேர்ந்த இந்த அனுபவம் தேயிலை மலைக்கும் பொருந்தும்.

சட்டத்தைவிடக் கண்டிப்பானது சரிவு. மலேசியத் திட்டமிடல் வழிகாட்டிகள் சரிவை நான்கு வகுப்புகளாக்கி, 35 பாகைக்கு மேற்பட்டதை மிக ஆபத்தானதாகக் கருதுகின்றன. 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டதன் பின்னரே, மலைச்சரிவுக் கட்டுமானம் குறித்த கவலை நாடு முழுவதும் வலுப்பெற்றது. கேமரன் மலையில் 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோதும், 2014 நவம்பரில் சேற்று வெள்ளம் பாய்ந்தபோதும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. நெருக்கமாக நடப்பட்டு ஆண்டுக்கணக்கில் வேரூன்றி நிற்கும் தேயிலை மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் காய்கறிப் பயிருக்காக வெட்டிய தட்டுகளும், அவற்றை மூடும் பிளாஸ்டிக் கூரைகளும், கட்டுமானத்துக்காகத் தோண்டிய மண்ணும் மழைநீரை ஊறவிடாமல் ஆற்றுக்கு விரட்டி, அந்த அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை வண்டலால் நிரப்புகின்றன. இவ்விவசாய நிலங்களில் பல, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக நிலப் பயன்பாட்டு உரிமத்தில் நீண்டகாலம் இருந்து வந்ததால், நாளைக்கு நிலம் கையில் இருக்குமா எனத் தெரியாத விவசாயி மண்காப்புக்கு முதலிடத் தயங்கியதும் இயல்பே.

எனவே மலையை வெட்டுவதைவிட ஊரைப் புதுப்பிப்பதே அறிவுடைமை. நகர்ப் புத்துயிர்ப்பு எனப்படுவது, ஏற்கெனவே கட்டப்பட்ட பகுதியின் வடிகால், வண்டி நிறுத்துமிடம், கழிவுநீர்க் குழாய், பழைய கடைவரிசை ஆகியவற்றைச் சீர்செய்து, அதே நிலத்தில் கூடுதல் வணிகத்துக்கு இடமளிக்கும் முறையாகும். வார இறுதியில் ஒரே சாலையில் மணிக்கணக்காக நிற்கும் வண்டிகளின் நெரிசலுக்கு மேலும் ஐந்நூறு அறைகளைக் கட்டுவது தீர்வாகாது. சொல்லப்போனால், அறைகள் கூடக்கூட நெரிசலும் கூடும். மாறாக, சுங்கை பாலாஸ் தோட்டத்தில் பள்ளத்தாக்கை நோக்கி நீண்டு நிற்கும் போ தேயிலை மையம், தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்துக்கொண்டு வணிகம் செய்ய முடியும் என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று.

இவற்றுக்கிடையே தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்வோரின் நிலை கவனிக்கத்தக்கது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் முதலாளி தரும் வீட்டின் தரத்தை வரையறுக்கிறதேயன்றி, வேலை முடிந்தபின் அவ்வீட்டைத் தொழிலாளிக்கு உரியதாக்குவதில்லை. நிலம் கைமாறும்போது இழப்பு முதலில் வந்து விழுவது இவர்கள் மீதுதான். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் கட்டுமான விண்ணப்பத்தை எதிர்த்துப் பேசும் வாய்ப்பைப் பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கே தருகிறது. லயத்தில் குடியிருப்பவர் உரிமையாளர் அல்லர். ஆனால் மாவட்டத்துக்கான உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில், நிலம் இல்லாதவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தோட்ட மக்களும், அவர்களின் கோவில் நிர்வாகத்தினரும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் மாவட்ட மன்றத்தின் அறிவிப்புகளைக் கவனித்திருந்து, அடுத்த வரைவு வெளியாகும்போது தங்கள் குடியிருப்பு நிலப் பயன்பாட்டைக் காட்டும் எந்த வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்து, உரிய காலக்கெடுவுக்குள் மனு எழுதித் தர வேண்டும்.