ஐந்து சுமாரான ஸ்பீக்கரா, இரண்டு நல்ல ஸ்பீக்கரா?

பணத்தை எண்ணிச் செலவிடும் குடும்பங்கள் ஹோம் தியேட்டர் என்ற பெயரில் பெரும்பாலும் வாங்குவது, ஐந்து சிறிய ஸ்பீக்கர்களையும் ஒரு பெரிய பெட்டியையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கப்படும் தொகுப்பைத்தான். எல்லாத் திசையிலிருந்தும் ஒலி சூழும் என்ற எதிர்பார்ப்போடு வீட்டுக்கு வரும் அத்தொகுப்பில் பலரும் உணரும் முதல் குறை ஒன்றே: சண்டைக் காட்சியில் சன்னல் கண்ணாடி அதிர்கிறது, அடுத்த காட்சியில் இருவர் தணிந்த குரலில் பேசுவது புரியாமல், ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு படம் பார்க்க வேண்டியிருக்கிறது. செவித்திறன் குறையத் தொடங்கிய முதியவர்கள் உள்ள வீட்டில் இது சிறிய குறையன்று. இரண்டு ஸ்பீக்கர்களுக்கே போதுமான தொகையை ஆறு பெட்டிகளுக்குப் பங்கிடுவதே இதற்கு முதன்மையான காரணம்.

இதைப் புரிந்துகொள்ள 5.1 என்ற குறியீட்டின் பொருளை அறிய வேண்டும். முன்புறம் இடம், வலம், நடு என மூன்றும், பார்ப்பவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டுமாக ஐந்து தடங்கள் இருக்க, புள்ளிக்குப் பின்னால் உள்ள 1 என்பது வெடிச் சத்தம், இடி போன்ற மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென ஒதுக்கப்பட்ட தனித் தடத்தைக் குறிக்கிறது. அதை ஒலிப்பதே சப்வூஃபர் எனப்படும் பெரிய பெட்டியின் வேலை. திரைப்பட உரையாடலில் பெரும்பகுதி நடுத் தடத்தில் பதிவாகிறது. வீட்டில் இரண்டே ஸ்பீக்கர்கள் இருந்தால், தொலைக்காட்சிப் பெட்டி நடுத் தடத்தை இரண்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவதால், இரண்டுக்கும் நடுவே அமர்ந்திருப்பவருக்கு வசனம் திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும். ஆகவே ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை குறைவதால் உரையாடல் எதுவும் இழப்பாவதில்லை.

சிறிய ஸ்பீக்கர்களின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒலியின் தாழ்வும் உயர்வும் நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்ற கணக்கில், ஹெர்ட்ஸ் என்னும் அலகால் அளக்கப்படுகின்றன. மூன்று அங்குலக் கூம்பு கொண்ட சிறிய ஸ்பீக்கரால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவாக ஒலிக்க முடியாது என்பதால், அதற்குக் கீழ்ப்பட்ட அனைத்தும் சப்வூஃபரிடம் தள்ளப்படுகின்றன. ஆண் குரலின் அடித்தளமோ ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அளவில் அமைந்தது. எனவே குரலின் ஒரு பாதி திரைக்கருகிலிருந்தும் மறுபாதி அறை மூலையிலுள்ள பெட்டியிலிருந்தும் வந்து, வசனம் கனமிழந்தோ குழைந்தோ கேட்கிறது. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதால் எளிதில் பிரித்தறிய முடியாது. ஆகையால் அந்த எல்லையில் பொறுப்பைக் கைமாற்றினால் சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஐந்து அல்லது ஆறு அங்குலக் கூம்பும், உயர்ந்த ஒலிகளுக்கென ட்வீட்டர் எனப்படும் தனிச் சிறு கூம்பும் கொண்ட, புத்தக அலமாரியில் அடங்கும் அளவுள்ள ஸ்பீக்கர் அந்த எல்லை வரை தயக்கமின்றி இறங்கும். குறைந்த செலவில் தொடங்குவோர் தேட வேண்டியது இவ்வகை இணையைத்தான்.

பெட்டியின் மீது கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் வாட் எண்ணைப் பற்றியும் தெளிவு வேண்டும். பி.எம்.பி.ஓ. என்ற குறிப்போடு ஆயிரக்கணக்கில் தரப்படும் எண்ணுக்குப் பொதுவான அளவீட்டு முறை எதுவும் கிடையாது. தொடர்ந்து வழங்கக்கூடிய ஆற்றலைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். என்ற எண்ணே ஓரளவு நம்பத்தக்கது. அதிலும் 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்கு எட்டுவது அரிது. ஒலி இருமடங்கு உரத்துக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்ற அளவு, இதைவிடப் பயனுள்ளது. 85 டெசிபல் ஸ்பீக்கருக்குத் தேவைப்படும் ஆற்றலில் பாதியே 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் போதும். நடுத்தர அளவுள்ள கூடத்தில் வழக்கமான ஒலியளவுக்கு அது சில வாட்டுகளே.

கடையில் கேட்டுத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்பவர்களின் விருப்பத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எந்த ஒலியையும் மிகைப்படுத்தாமல் சீராக ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பியதையும், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தபடி கேட்டால் அதன் தோற்றமும் நிறுவனப் பெயரும் தீர்ப்பைக் கோணச் செய்ததையும் அவ்வாய்வுகள் காட்டின. சற்றே உரத்து ஒலிப்பது சிறந்தது போலத் தோன்றுவதும் காதின் இயல்பு என்பதால், இரண்டு இணைகளையும் ஒரே ஒலியளவில் வைத்து, அதிரடிக் காட்சிக்குப் பதிலாக நன்கு பழகிய படத்தின் ஓர் உரையாடல் காட்சியைக் கண்ணை மூடிக் கேட்பது நல்லது.

ஸ்பீக்கரை இயக்க ஆம்ப்ளிஃபயர் தேவை. பின்னாளில் ஐந்து ஸ்பீக்கர்களாக விரிவாக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் ஐந்து தடங்களையும் இயக்கும் ஆம்ப்ளிஃபயரான ஏ.வி. ரிசீவரை முதலிலேயே வாங்கலாம். இல்லையெனில் இரண்டு தடங்கள் மட்டுமுள்ள சிறிய ஆம்ப்ளிஃபயரே போதும். அதில் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இணைப்பு இருந்தால், தொலைக்காட்சியின் ஒலி ஒரே கம்பி வழியே திரும்பி வந்து, ஒலியளவையும் டிவி ரிமோட்டாலேயே மாற்ற முடியும். ஸ்பீக்கர் வயருக்கென விலையுயர்ந்த கம்பிகளைப் பரிந்துரைப்பவரை நம்ப வேண்டியதில்லை: சில மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாராளமானது. சிவப்பு முனையைச் சிவப்புக்கும் கறுப்பைக் கறுப்புக்கும் இணைப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் அது மாறிவிட்டால் தாழ்ந்த ஒலி மெலிந்து, வசனம் நடுவில் நிற்காமல் சிதறும்.

காசு செலவில்லாத முன்னேற்றம் அறையில் கிடைக்கிறது. சிமென்ட் பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட கூடத்தில் ஒருமுறை கைதட்டினால் எழும் கணீரென்ற எதிரொலி, வசனத்தின் மீதும் அவ்வாறே படிகிறது. கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, துணி உறையிட்ட சோபா ஆகியவை அதைக் கணிசமாகத் தணிக்கும். ட்வீட்டர் காதின் உயரத்தில் இருப்பதும், இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையே உள்ள தொலைவும் ஒவ்வொன்றிலிருந்தும் இருக்கைக்கு உள்ள தொலைவும் ஏறத்தாழ சமமாக அமைவதும் அவசியம். டிவி அலமாரியின் அறைக்குள் ஸ்பீக்கரைச் செருகுவது அதன் குரலை அடைத்துவிடும்.

பழைய ஸ்பீக்கர்களை வாங்கத் தயங்க வேண்டியதில்லை, ஏனெனில் நன்கு செய்யப்பட்ட ஸ்பீக்கர் பல பத்தாண்டுகள் உழைக்கும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை மட்டும் விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும்: ரப்பராக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, ஃபோம் எனப்படும் பஞ்சு விளிம்பு, ஈரக்காற்றுள்ள ஊர்களில் குறிப்பாக, காலப்போக்கில் பொடிந்துவிடும்.

மேலும் பணம் சேரும்போது முதலில் சேர்க்க வேண்டியது சப்வூஃபர். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர், அதாவது பெரும்பாலான கூடங்களைவிட நீளம் என்பதால், தாழ்ந்த ஒலி அறையின் ஓரிடத்தில் குவிந்தும் வேறோரிடத்தில் மறைந்தும் போகும். சப்வூஃபரைத் தற்காலிகமாக இருக்கையின் மீதே வைத்து ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று கேட்டு, எங்கே அது சீராகக் கேட்கிறதோ அங்கேயே அதை நிறுவலாம். நீண்ட சோபாவில் ஓரத்திலும் ஆட்கள் அமரும் வீட்டுக்கு அடுத்ததாக நடு ஸ்பீக்கர், முடிந்தவரை முன் இணையின் அதே வரிசையைச் சேர்ந்ததாக, தேவைப்படும். மழையும் கூட்டத்தின் ஆரவாரமும் தவிர அதிக வேலையில்லாத பக்கவாட்டு இணை கடைசியாக வரலாம். அதற்குச் சிறிய, விலை குறைந்த ஸ்பீக்கர்களே போதும்.