மூழ்கிப்போன கிடார்

வீட்டில் திடீரென்று பண நெருக்கடி வந்துவிட்டால் உங்கள் கை முதலில் எங்கே போகும்? கழுத்துக்குத்தான்! சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, எதிர்வீட்டு மாமி கண்ணில் படாமல் அடகுக் கடைப் படியேறும் சங்கடம் நம்மில் எத்தனையோ பேருக்குத் தெரிந்ததுதான். “வட்டி கட்டாவிட்டால் நகை மூழ்கிவிடும்” என்ற பேச்சு காதில் விழாத குடும்பம் உண்டா?

அமெரிக்காவிலும் அடகுக் கடைகள் இருக்கின்றன என்றால் ஆச்சரியப்படாதீர்கள். வாசலில் மூன்று பொன் உருண்டைகள் தொங்கினால் அது அடகுக் கடை என்பது மேல்நாட்டாரின் பழைய அடையாளம். ஆனால் அங்கே நகை மட்டும் போவதில்லை. காமிரா, கைக்கடிகாரம், துளை போடும் மெஷின் என்று எல்லாம் போகும். சுவரைப் பார்த்தாலோ, கசாப்புக் கடையில் ஆடுகள் தொங்குவது போல வரிசையாகக் கிடார்கள்! ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு விலைச் சீட்டு.

இவை எப்படி இங்கே வந்தன?

சீட்டும் கெடுவும்

கிடாரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “இதை விற்றால் என்ன வரும்?” என்பதே அவர் மனக்கணக்கு. முந்நூறு டாலர் வரும் என்று தோன்றினால் நூறு டாலர் நீட்டுவார். அதற்கு ஒரு சீட்டு. வட்டி, கெடு எல்லாம் அந்தந்த மாநிலச் சட்டப்படி. கலிபோர்னியாவில் குறைந்தது 4 மாதத் தவணை தரவேண்டும். கெடுவுக்குள் அசலும் வட்டியும் கட்டினால் பொருள் உங்களுடையது. கட்டாவிட்டால் பொருள் கடைக்காரருடையது. கடனும் அத்தோடு தீர்ந்தது. ஒருவரும் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள்.

பெரும்பாலோர் எப்படியோ மீட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்க முடியாதவர்களின் கிடார்தான் சுவருக்கு ஏறுகிறது. அதிலும் ஒரு பரிதாபம் பாருங்கள். சங்கிலியை அடகு வைத்தவள் சங்கிலி இல்லாமலும் சம்பாதிக்கலாம். கிடாரை அடகு வைத்த பாட்டுக்காரன், தையல் மெஷினை அடகு வைத்த தையல்காரி மாதிரிதான். எதைக் கொண்டு பிழைக்கிறானோ, அதையே கொடுத்துவிட்டு அன்றைய வாடகையைக் கட்டுகிறான்.

கைமாற்றும் உண்டு. பழைய பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரம் எடுப்போமே, அதுபோலப் பழைய கிடாரைக் கொடுத்து, மேற்கொண்டு பணமும் வைத்து, சுவரில் இருக்கும் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். பேரம் நம்மூர்ப் பேரத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. கையில் ரொக்கம் இருப்பவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

பானையைத் தட்டுவது போல

வாங்கப் போகிறவர் என்னென்ன கவனிக்க வேண்டும்? அதில் அரைவாசி உங்களுக்கே தெரியும்!

மண்பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? கிடாரின் உடலையும் அப்படியே மெதுவாகத் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. ‘கறகற’ என்று ஏதோ அதிர்ந்தால், உள்ளே ஒட்டிய தாங்கு குச்சி ஒன்று விட்டுப் போயிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, தலைப் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 70 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பது போல! வருஷக்கணக்கில் இப்படி இழுபட்டால் கழுத்து சாயும், முன்பலகை வயிறு வைக்கும், தந்தி மேலே எழும்பி விரலை அறுக்கும். கழுத்தைக் கழற்றித் திரும்பப் பொருத்த நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். நூறு டாலருக்குச் சல்லிசாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்ந்தவர் பாடு அப்புறம் திண்டாட்டம்தான்.

முன்பலகையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் கணப்பு வைத்த வீடுகளில் காற்று வறண்டு, மரம் சுருங்கிப் பிளந்துவிடும். கடைசியாக, உள்ளே இருக்கும் நம்பர். அடகுக் கடைக்கு வரும் பொருள்களின் விவரம் போலீஸுக்குப் போவதால், களவு போன கிடார் சில சமயம் இந்த நம்பராலேயே சொந்தக்காரரிடம் திரும்புகிறது.

நம்பரால் வயதும் தெரியும். 1833-ல் தொடங்கிய மார்ட்டின் கம்பெனி, 1898 முதல் ஒவ்வொரு கிடாருக்கும் வரிசை நம்பர் போட்டுவருகிறது. இதில் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் உயர்ந்த கிடார்களுக்கு முதுகும் விலாவும் பிரேஸில் தேசத்து மரத்தால் ஆனவை. அது கிடைப்பது அரிதாகவே, 1969-க்குப் பிறகு இந்திய மரத்துக்கு மாறினார்கள். என்ன மரம் தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துத் தோதகத்தி! பாட்டி வீட்டுக் கட்டிலும் அமெரிக்கனின் கிடாரும் ஒரே ஜாதி மரம் என்றால் வேடிக்கைதானே?

இப்போதெல்லாம் கடைக்காரர்கள் கம்ப்யூட்டரில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். ஆகவே குப்பையில் மாணிக்கம் கிடைப்பது குறைந்துவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் கிடைத்தது.

35 டாலர் மாணிக்கம்

1935-ல் செய்த மார்ட்டின் டி-28 கிடார் ஒன்று, 1959 வாக்கில் கலிபோர்னியாவில் ஒரு கடையில் கிடந்தது. ஒலி வரும் துவாரத்தை யாரோ தேய்த்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பார்க்க அலங்கோலம். கிளாரன்ஸ் ஒயிட் என்ற இளைஞனின் குடும்பம் அதை 35 டாலருக்கு வாங்கியது என்பார்கள். அந்த அலங்கோலக் கிடாரில் அவன் விரல் ஓடிய வேகத்தைக் கேட்டவர்கள் பிரமித்தார்கள்.

1960-ல் ஒருநாள், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அவன் வாசிப்பைக் கேட்டு அருகே வந்தான். பெயர் டோனி ரைஸ். “நான் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாமா?” கிளாரன்ஸ் தயங்காமல் கொடுத்தான்.

பிறகு பணமுடை. 1960-களின் நடுவில் கிளாரன்ஸ் அந்தக் கிடாரை ஒரு நண்பரிடம் ஈடாக வைத்துக் கடன் வாங்கினான். கடைக்குப் போகாமல் நண்பரிடம் போனதுதான் வித்தியாசம், சங்கதி ஒன்றே. மீட்கவே இல்லை. பிறகு மின்சாரக் கிடாரில் பேரெடுத்து, ‘பேர்ட்ஸ்’ என்ற புகழ்பெற்ற கோஷ்டியிலும் சேர்ந்தான். 1973 ஜூலையில், கச்சேரி முடிந்து வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவன்மீது குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதியது. 29 வயதில் முடிந்துபோயிற்று.

கிடார் மட்டும் நண்பரின் வீட்டில், கட்டிலுக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது வயதில் அதைத் தொட்ட பையன் மறக்கவில்லை. வளர்ந்து பேர் பெற்ற வித்வானாகிவிட்ட டோனி ரைஸ், விசாரித்து விசாரித்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். 1975-ல் 550 டாலர் கொடுத்து வாங்கினார். அன்றிலிருந்து அதுதான் அவருக்கு எல்லாம்.

இன்னொரு கண்டமும் இருந்தது. 1993 மார்ச்சில் பெரும் புயல் அடித்து, புளோரிடாவில் இருந்த அவர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. நாம் பேச்சுக்குச் சொல்கிறோமே, அப்படியல்ல. கிடார் நிஜமாகவே மூழ்கியது! எடுத்து உலர்த்திச் செப்பனிட்டார்கள். மறுபடியும் பாடியது. அடுத்த ஆண்டே தொண்டைக் கோளாறினால் ரைஸ் பாடும் குரலை இழந்தார். அதன்பின் பல ஆண்டுகள் மேடையில் அவருக்காகப் பாடியது அந்தக் கிடார்தான். 2020 கிறிஸ்துமஸ் அன்று அவர் காலமானார்.

35 டாலர், 550 டாலர் என்று விலை சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அடகுக் கடைக்காரர் சொல்லும் விலை, விற்றால் வரும் விலை. அதுவும் நியாயமே, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் கை பழகியவருக்கு அது வேறு விலை. சுவரில் தொங்குவதை நல்ல பேரம் என்று எடுத்துக்கொள்ளும்போது, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி நாள்வரை பணம் தேடி அலைந்த ஒருவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். வாங்கியதைச் சும்மா வைக்காமல் வாசித்தால், அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

அது சரி, உங்கள் வீட்டுப் பரணில் உறையோடு ஒரு வீணை தூங்குகிறதே, கல்யாணத்துக்கு முன் நீங்கள் வாசித்தது! அதை யாரும் அடகு வைக்கவில்லை. வட்டியும் கட்ட வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டி, மீட்டுத்தான் பாருங்களேன்!