முங்கோ தேசியப் பூங்கா: தண்ணீர் இல்லாத ஏரி

எதிரே சாம்பல்பச்சைப் புதர்கள் படர்ந்த சமவெளி ஒரு காலத்தில் ஏரி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் இது வற்றிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கிழக்குக் கரையில் காற்று குவித்த மணலும் களிமண்ணும் பிறைவடிவ மேடாக நிற்கின்றன. 'சீனச் சுவர்கள்' என்பது அதன் பெயர்.

1968-இல் நிலவியலாளர் ஜிம் பௌலர் இந்தப் பகுதியில், மண் அரிப்பால் வெளியே தெரிந்த எரிந்த எலும்புகளைக் கண்டார். சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முன் தகனம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புகள் அவை. 1974-இல் ஓர் ஆணின் எலும்புக்கூடும் கிடைத்தது. கைகளை மடிமேல் கோத்து வைத்து, உடல்மீது செங்காவி தூவிப் புதைத்திருந்தார்கள். அந்தக் காவி இந்த மண்ணில் கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். இறந்தவர்மீது எத்தனை அக்கறை!

கான்பராவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்த மனிதர் 2017-இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். மிகவும் தாமதமான நியாயம்.

மேட்டின் சரிவைக் கூர்ந்து பார்த்தால் கருகிய அடுப்பு மண், சிப்பி ஓடு, மீனின் காதுக்கல் தென்படும். எதையும் எடுக்கக் கூடாது. பார்க்கண்ட்ஜி, முத்தி முத்தி, நியாம்பா மக்களின் முன்னோர் விட்டுச்சென்றவை இவை. மேட்டின்மீது வழிகாட்டியுடன் மட்டுமே நடக்கலாம்.

மில்துரா நகரம் சுமார் 110 கி.மீ. தொலைவில் உள்ளது. மழை பெய்தால் மண்சாலை மூடப்படும். இங்கே பெட்ரோல் கிடைக்காது. குடிநீரையும் கையோடு கொண்டு வர வேண்டும்.