இன்ஸ்பயர் மானக்: பதிவேற்றும் முன் ஒரு நிமிடம்

மணவாள நகரில் பல பெற்றோர் ஷிப்டு வேலைக்குச் செல்பவர்கள். எங்கள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் சொன்னாள்: "சார், அப்பா நைட் ஷிப்டு முடிச்சு பகல்லதான் தூங்குவார். காலிங் பெல் அடிச்சா எழுந்துடுவார். பெல்லுக்குப் பதிலா சமையலறையில லைட் எரிஞ்சா போதும்ல?"

அதை இன்ஸ்பயர் மானக் விருதுக்கு அனுப்ப முடிவு செய்தேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசிய புத்தாக்க அறக்கட்டளையும் நடத்தும் திட்டம் இது. முன்பு பரிந்துரைக்கப்படும் மாணவருக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. மானக் என மாற்றியமைக்கப்பட்ட பின், மாணவரின் சொந்த யோசனையே தேர்வுக்கு அடிப்படை. தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய். பின்னர் மாவட்ட, மாநில, தேசியக் கண்காட்சிகள்.

அன்று நான் செய்த தவறு இது. 'ஒளிவழி அறிவிப்புக் கருவி' என்று தலைப்பிட்டு, பாடநூல் நடையில் நானே எழுதிப் பதிவேற்றினேன். தூங்கும் அப்பா அதில் இல்லை. யோசனை தேர்வாகவில்லை. புதுமை, சமூகப் பயன், சூழலுக்கு உகந்த தன்மை, எளிய பயன்பாடு, இருப்பவற்றைவிட மேம்பாடு ஆகியவற்றைப் பார்த்தே யோசனைகள் மதிப்பிடப்படுகின்றன. அவள் சொன்னதில் சமூகப் பயன் இருந்தது. நான் எழுதியதில் வெறும் விளக்குதான் இருந்தது.

இப்போது நான் பின்பற்றுபவை:

1. பள்ளிக்கான பதிவு ஒருமுறைதான். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் பள்ளிப் பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். தலைமையாசிரியர் மாறினாலும் தேட வேண்டியதில்லை.

2. வகுப்பு, வயது வரம்பு, கடைசி நாள் ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்க்கிறேன்.

3. வகுப்பறையில் யோசனைப் பெட்டி வைத்து, 'வீட்டில், தெருவில் எது சிரமம்?' என்று கேட்கிறேன். மாணவர் தம் கையால் தமிழில் எழுதியதே பதிவுக்கு மூலம். எழுத்துப்பிழையை மட்டும் திருத்துகிறேன்.

4. தொகை நேரடியாகக் கணக்கில் சேரும் என்பதால், பெயரையும் கணக்கு எண்ணையும் பாஸ்புக்கைப் பார்த்தே நிரப்புகிறேன். கணக்கு செயல்பாட்டில் உள்ளதா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

5. சேமிப்பது வேறு, அனுப்புவது வேறு. அனுப்பிய பின் மீண்டும் உள்நுழைந்து நிலையைச் சரிபார்க்கிறேன். கடைசி நாள்வரை காத்திருப்பதில்லை.

ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகள் அனுப்பலாம். நம்மால் ஒன்று விடுபட்டால், ஒரு குழந்தையின் கேள்வி பள்ளியிலேயே நின்றுவிடும். அந்த மாணவியிடம் நடந்ததைச் சொன்னேன். "அடுத்த வருஷம் நானே எழுதுறேன் சார்" என்றாள். எழுதினாள், முதல் வரியிலேயே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.