பெட்டி டிவிக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு

கணினியில் ஓடும் பழைய கேம்களைப் பெட்டி டிவியில் (பழைய சிஆர்டி டிவி) ஆடக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்முன் அதன் டிவிஐ சாக்கெட்டை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் நீளமாக ஒரு தட்டைத் துளை இருக்கும். அதன் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ. அனலாக் சிக்னல் வருவது அந்த நான்கின் வழியாகத்தான். அவை இல்லாத கார்டைப் பெட்டி டிவி கேம்களுக்காக வாங்காதீர்கள்.

பழைய கார்டுகளில் 'டிவி அவுட்' என்று வட்டமான எஸ்-வீடியோ சாக்கெட்டும் உண்டு. டிவிக்கென்றே வைத்ததாயிற்றே என்று பலர் இதைத் தேடிப் போகிறார்கள். சினிமா பார்க்க அது போதும், கேமுக்குப் போதாது. நிண்டெண்டோவின் 8 பிட் கன்சோல் தரும் படம் 256 × 240 புள்ளிகள். அந்த 240 கோடுகளும் நொடிக்கு 60 முறை அதே இடத்திலேயே விழும். கோட்டுக்குக் கோடு நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி நிற்கும். மாரியோவின் தொப்பியும் மீசையும் அத்தனை துல்லியமாகத் தெரிவது அதனால்தான். எஸ்-வீடியோவுக்குப் பின்னால் இருக்கும் சிப்போ, 640 × 480 படத்தை ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று மாறி மாறி அனுப்புகிறது. படம் துடிக்காமலிருக்க அக்கம்பக்கக் கோடுகளைக் குழைத்தும் விடுகிறது. அந்த அழகு அதோடு போயிற்று.

பெட்டி டிவி நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள் வரையும். கணினி மானிட்டருக்கு 31,500. அனலாக் வெளியீட்டை டிவியின் வேகத்துக்கு இறக்க, ரேடியான் கார்டுகளுக்கென்றே 'சிஆர்டி எமுடிரைவர்' என்ற மென்பொருள் இருக்கிறது. பழைய கேம்களின் பாரத்தைப் பெரும்பாலும் பிராசசரே சுமக்கும் என்பதால், எச்டி 5450 போன்ற மலிவான பழைய கார்டே தாராளம். புதிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து 2016-இல் வந்த ஆர்எக்ஸ் 480-ஐ வாங்கினால் ஏமாற்றம்தான். அதில் அனலாக் வெளியீடே கிடையாது.

டிவியின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சாக்கெட் இருந்தால் உடனே கேபிளைச் செருகிவிடாதீர்கள். நிறத்தைப் பார்த்து ஆர்ஜிபி என்று நினைக்கத் தோன்றும், அது காம்பொனன்ட். பச்சையில் ஒளியளவும், மற்ற இரண்டில் நிற வேறுபாடுகளும் போகும். நடுவே கார்டு தரும் ஆர்ஜிபியைக் காம்பொனன்டாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும்.

கணினி கிளம்பும்போது கார்டு மானிட்டர் வேகத்தில்தான் சிக்னல் அனுப்பும்; அது பழைய டிவியைப் பழுதாக்கலாம். டிரைவர் ஏறி, வேகம் நொடிக்குச் சுமார் 15,700 கோடுகளுக்கு இறங்கியபின் டிவியை இணையுங்கள்.